மலை மேல் விளக்கு, கீழே கடல்: வேங்கிக்காலில் இருந்து மாமல்லபுரக் குன்றுக்கு எப்படிப் போவது, எதைப் பார்ப்பது?

ஐரோப்பாவின் 'மலையுச்சிக் கடற்கரைக் கிராமம்' வீடியோக்களைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அதற்கு நெருக்கமான ஒரு ஊர் நம்ம பக்கத்திலேயே இருக்கு. ஆனால், அங்கே போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு.

வேங்கிக்காலில் வசிப்பவர்களுக்கு மலை புதிதல்ல. கலெக்டர் ஆபீஸுக்குப் போனாலும், ஏரிக்கரைப் பக்கம் நடந்தாலும் 2,668 அடி உயர அண்ணாமலை கூடவே வரும். கார்த்திகையில் உச்சியில் தீபம் ஏற்றினால் 11 நாள்களுக்கு ராத்திரியில் அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அந்த ஊருக்கே உண்டு. இல்லாதது ஒன்றுதான், கடல்.

மலையும் வேணும், கடலும் வேணும், பழமையான ஊராகவும் இருக்கணும் என்று போனில் தேடினால் பிரான்ஸின் ஏஸ், கிரீஸின் சாண்டோரினி என்று வந்து விழும். விசா, விமான டிக்கெட் கணக்கைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுவோம். ஆனால், இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடம் வேங்கிக்காலில் இருந்து சாலை வழியாகச் சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கிறது. அது மாமல்லபுரம்.

'அட, மகாபலிபுரமா? ஸ்கூல் டூர்லயே பார்த்தாச்சே' என்று தோன்றலாம். பள்ளிச் சுற்றுலாவில் பெரும்பாலும் நடப்பது, கடற்கரைக் கோயில் முன் ஒரு குரூப் போட்டோ, உருண்டைப் பாறையைத் தாங்குவது போல ஒரு போட்டோ, கடலில் கால் நனைத்தல், பஸ் ஏறுதல். ஊரின் நடுவில் நிற்கும் குன்றின் மேல் ஏறியவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் குன்றைப் பற்றியது.

கடலுக்குப் பயந்த ஊர்களும், கடலைக் கூப்பிட்ட ஊரும்

ஐரோப்பாவின் மத்திய தரைக்கடல் கரையில் இடைக்காலக் கிராமங்கள் ஏன் மலை உச்சியில் இருக்கின்றன? காட்சி அழகுக்காக யாரும் அங்கே வீடு கட்டவில்லை. கடல்வழியாக வரும் கொள்ளையர்களுக்கும் படைகளுக்கும் பயந்து மேலே ஏறினார்கள். ஏஸ் கிராமம் கடல் மட்டத்தில் இருந்து 400 மீட்டருக்கு மேல் உயரத்தில், பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்துகள் குறுகலாக, வளைந்து வளைந்து போவதற்கும் எதிரி நேராக நுழையக் கூடாது என்பது ஒரு காரணம். அப்படியும் தப்பவில்லை. 1706-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் உத்தரவில் அதன் கோட்டை இடிக்கப்பட்டது. இன்று உச்சியில் இருப்பது இடிபாடும், கள்ளிச்செடித் தோட்டமும்.

மாமல்லபுரத்தின் கதை நேர் எதிர். இங்கே ஊர் குன்றின் அடிவாரத்தில், கடலை ஒட்டி வளர்ந்தது. குன்றின் மேல் ஆட்கள் ஒளியவில்லை. சிற்பிகள் உளியோடு ஏறினார்கள். 7, 8-ம் நூற்றாண்டுகளில் பல்லவர்களின் துறைமுகம் இது. யானைகளையும் மணிக் குவியல்களையும் சுமந்த கப்பல்கள் இந்தத் துறையில் அசைந்து நின்றதைத் திருமங்கை ஆழ்வார் பாடியிருக்கிறார். இலங்கை இளவரசன் மானவர்மனுக்கு அரியணையை மீட்டுத் தர, முதலாம் நரசிம்மவர்மன் இரண்டு முறை கப்பற்படை அனுப்பினான். அந்தப் படை கிளம்பியது இந்தத் துறையில் இருந்துதான் என்று கருதப்படுகிறது.

நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் 'மாமல்லன்'. ஊருக்குப் பெயர் வந்தது அப்படித்தான். பிற்காலத்தில் இந்தப் பக்கம் வந்த ஐரோப்பிய மாலுமிகள் இதை 'ஏழு பகோடா' என்றார்கள். கடலில் இருந்து பார்க்கும்போது கண்ணில் பட்ட கோபுரங்களை வைத்து வந்த பெயர்.

உச்சியில் இருந்த விளக்கு

வேங்கிக்கால்காரர்களுக்கு இந்தக் குன்று சட்டென்று பிடித்துப்போக ஒரு காரணம் இருக்கு. இங்கேயும் உச்சியில் விளக்கு எரிந்தது.

மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, பாறையின் உச்சியில் ஒரு சிறிய கற்கோயில் நிற்கிறது. பெயர் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கற்களை அடுக்கிக் கட்டிய சிவன் கோயில். விமானத்தின் மேற்பகுதி இப்போது இல்லை. தினமும் ஓர் உழக்கு எண்ணெய் ஊற்றி விளக்கேற்றியதால் 'உழக்கெண்ணெய் ஈஸ்வரர்', அது மருவி ஒலக்கண்ணேஸ்வரர் ஆனது என்பது ஊரில் சொல்லும் கதை. கதை எப்படியோ, இந்த இடம் கப்பல்களுக்கு அடையாளமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. 1887-ல் ஆங்கிலேய அரசு கலங்கரை விளக்கம் அமைக்க இடம் தேடியபோது, இந்தக் கோயிலின் கூரையைத்தான் தேர்ந்தெடுத்தது. மண்ணெண்ணெய் விளக்கு அங்கே எரிந்தது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்திலேயே கல்லால் வட்டக் கோபுரமாகப் புதிய கலங்கரை விளக்கம் வந்தது. அது இன்றும் வேலை செய்கிறது. நீண்ட காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த இதை 2011-ல் திறந்துவிட்டார்கள். மேலே ஏறினால் கிழக்கே வங்கக் கடல், கடற்கரைக் கோயில், மீனவர் படகுகள். மேற்கே பக்கிங்காம் கால்வாய், உப்பங்கழி, வயல்கள். ஒரு பக்கம் 8-ம் நூற்றாண்டுக் கோயில், மறுபக்கம் கலங்கரை விளக்கம். இரண்டுக்கும் நடுவில் சில அடி தூரம், ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி.

எப்படிப் போறது?

வேங்கிக்காலில் இருந்து நேரடி ரயில் கிடையாது. மாமல்லபுரத்துக்கு ரயில் நிலையமே இல்லை. சாலைதான் வழி.

முதல் வழி: திருவண்ணாமலை - செஞ்சி - திண்டிவனம் - செங்கல்பட்டு - திருக்கழுக்குன்றம் - மாமல்லபுரம். பஸ்ஸில் போகிறவர்கள் சென்னை பஸ் ஏறி செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து மாமல்லபுரம் பஸ் பிடிக்கலாம்.

இரண்டாவது வழி: திண்டிவனம் வரை அதே சாலை. அங்கிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இது நல்ல வழி. மரக்காணம் உப்பளங்கள், கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடு, கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டை என்று வழி நெடுக நிறுத்திப் பார்க்க இடம் உண்டு.

எந்த வழியில் போனாலும் செஞ்சியைத் தாண்டித்தான் போகணும். இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. தமிழகத்தின் முதல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம் மாமல்லபுரம், 1984-ல் அறிவிக்கப்பட்டது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில், மராத்தியர்களின் 12 கோட்டைகளில் ஒன்றாக அந்தப் பட்டியலில் சேர்ந்தது. முதலாவதும் ஆகப் புதியதும் வேங்கிக்காலில் இருந்து கிளம்பும் ஒரே பயணத்தில் வந்துவிடுகின்றன. ஆனால், இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படாதீர்கள். செஞ்சியின் ராஜகிரி ஏறி இறங்கவே அரை நாள் போய்விடும். அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவது நல்லது.

குன்றில் எதைப் பார்ப்பது, எந்த வரிசையில்?

குன்று பெரியதல்ல. அண்ணாமலையோடு ஒப்பிட்டால் ஒரு பாறைத் திட்டு அவ்வளவுதான். செருப்போடு ஏறிவிடலாம். ஆனால், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். காலை வெயில் ஏறுவதற்குள் வடக்கில் தொடங்கித் தெற்கே நடப்பது வசதி.

உருண்டைப் பாறை: 'கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை' என்று எல்லோரும் சொல்வது. 'வான் இறைக் கல்' என்றும் பெயர் உண்டு. சுமார் 250 டன் எடை, ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். சரிவில் மிகச் சின்ன இடத்தில் மட்டும் தரையைத் தொட்டு நிற்கிறது. யாரும் கொண்டுவந்து வைத்ததல்ல. பல லட்சம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் சுற்றியுள்ள பாறையை அரித்து எடுக்க, மிச்சம் நின்ற பகுதி இது. அடியில் உள்ள உராய்வும், எடை விழும் புள்ளியும் சேர்ந்து அதை உருளாமல் பிடித்து வைத்திருக்கின்றன.

கணேச ரதம்: ஒரே பாறையில் செதுக்கிய சிறிய கோயில். முதலில் சிவனுக்காக எழுப்பப்பட்டது. பிள்ளையார் பிறகுதான் வந்தார்.

வராக மண்டபம்: பூமாதேவியைத் தூக்கி நிற்கும் வராகர், மூன்றடியால் உலகை அளக்கும் திரிவிக்ரமர், யானைகள் நீராட்டும் கஜலட்சுமி, துர்க்கை என நான்கு பெரிய சிற்பத் தொகுதிகள். கூட்டம் குறைவாக இருக்கும் இடம்.

அர்ச்சுனன் தபசு: குன்றின் கிழக்கு முகத்தில், சாலையில் இருந்தே தெரியும் பிரம்மாண்டம். சுமார் 96 அடி நீளம், 43 அடி உயரம். ஒற்றைக் காலில் தவம் செய்பவர் பாசுபத அஸ்திரம் வேண்டும் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதனா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் மேலே ஏறுவதைக் கவனியுங்கள். மேலிருந்து நிஜத் தண்ணீர் விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படி என்றால் அது கங்கைதான் என்பது பகீரதன் கட்சியின் வாதம்.

விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றி எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. போலிச் சாமியாரைக் கேலி செய்ய 1,300 வருஷத்துக்கு முன்பே நம்ம ஊர் சிற்பிக்குத் தெரிந்திருக்கு. காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் மான் ஒன்றும் இருக்கிறது. அதைக் குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள்.

கிருஷ்ண மண்டபம்: கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணன். அதைவிட, பால் கறக்கும் இடையனும் கன்றை நக்கும் பசுவும்தான் பலரை நிற்க வைக்கும். முன்னால் உள்ள தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது.

ராயர் கோபுரம்: விஜயநகரக் காலத்தில் தொடங்கி, அடித்தளத்தோடு நின்றுபோனது.

மகிஷாசுரமர்த்தினி குகை: குன்றுப் பயணத்தின் உச்சம் இது. உள்ளே ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் பாயும் துர்க்கை, எதிரே கதையோடு பின்வாங்கும் எருமைத்தலை அசுரன். ஒரே சத்தம், ஒரே வேகம். எதிர்ச் சுவரில் பாம்பணையில் உறங்கும் திருமால். அங்கே முழு அமைதி. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள். இதைச் செதுக்கியவர்கள் நீங்கள் அப்படித் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

அங்கிருந்து மேலே ஏறினால் ஒலக்கண்ணேஸ்வரர். பக்கத்தில் கலங்கரை விளக்கம்.

கீழே இறங்கிய பிறகு

தெற்கே ஒரு கிலோமீட்டர் சொச்சத்தில் ஐந்து ரதங்கள். இவை கட்டிய கோயில்கள் அல்ல. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தவை. முதலில் உச்சி, கடைசியில் அடித்தளம். அதனால்தான் பல இடங்களில் மேற்பகுதி முடிந்து, கீழ்ப்பகுதி பாதியில் நிற்கிறது. பஞ்சபாண்டவர் பெயர்கள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

கடற்கரைக் கோயில் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலத்தில் வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. சிவனுக்கு இரண்டு சன்னிதி, இடையில் பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒன்று. உப்புக் காற்று கல்லை நாள்தோறும் தின்கிறது. அதைத் தடுக்கக் கடல் பக்கம் பாறைகள் கொட்டி அணை போட்டிருக்கிறார்கள், சவுக்கு மரங்கள் வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கோயில் தப்பியது. கரை மணலை அலை வாரிக்கொண்டு போனதில், புதைந்திருந்த சில சிற்பங்கள் வெளியே தெரிந்தன. வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள சாளுவன்குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு நடந்த அகழாய்வில் சங்ககாலத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செங்கல் முருகன் கோயில் கிடைத்தது.

உளிச் சத்தம் இன்னும் நிற்கவில்லை

ஏஸ் போன்ற ஊர்களில் பழைய கல் வீடுகள் பலவும் இன்று கடைகளாகவும் ஹோட்டல்களாகவும் மாறிவிட்டன. பழைய தொழில் போய்விட்டது. மாமல்லபுரத்தில் எந்தத் தொழில் ஊரை உருவாக்கியதோ, அது இன்றும் நடக்கிறது. தெருவில் நடந்தால் 'டக் டக்' என்று உளிச் சத்தம் கேட்கும். 1957-ல் இங்கே தொடங்கிய அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இன்றும் இயங்குகிறது. கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெருமைக்குப் பின்னால் ஒரு ஆபத்தும் இருக்கு. கருங்கல்லில் சிலிக்கா உண்டு. உளியால் கொத்தும்போது வருவதைவிட, மின் ரம்பமும் கிரைண்டரும் ஓடும்போது மிக நுண்ணிய தூசி நிறைய பறக்கும். அது நுரையீரலுக்குள் போய்த் தங்கி, திசுக்களைத் தழும்பாக்கும். இதற்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தபின் முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்கலாம். தண்ணீர் விட்டு அறுப்பது, தரமான மாஸ்க், தூசியை இழுக்கும் இயந்திரம் ஆகியவை தேவை. சிறிய பட்டறைகளுக்கு இந்தச் செலவு பெரிய சுமை. 'இன்னும் கொஞ்சம் குறைச்சுக்குங்க' என்று ஒரு சிலைக்குப் பேரம் பேசும்போது, அந்த விலையில் இதுவும் அடங்கியிருக்க வேண்டும் என்பது நினைவில் இருக்கட்டும்.

100 மீட்டர் வட்டத்துக்குள் ஒரு ஊர்

சுற்றுலாப் பயணிக்கு மாமல்லபுரம் ஓர் அழகான காட்சி. அங்கே குடியிருப்பவருக்கு அது ஒரு சட்டச் சிக்கலும்கூட.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள எந்தச் சின்னத்துக்கும், அதன் எல்லையில் இருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2010-ல் திருத்தப்பட்ட பழங்காலச் சின்னங்கள் சட்டம் இதைச் சொல்கிறது.

முதல் 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேணும். அடுத்த 200 மீட்டரில் கட்டலாம். ஆனால், தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் ஒப்புதல் வாங்கணும். மீறினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புள்ளியைச் சுற்றி 100 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், சுமார் 7.8 ஏக்கர். 300 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 70 ஏக்கர். இது ஒரே ஒரு சின்னத்துக்கு. மாமல்லபுரத்தில் சின்னங்கள் ஒரே வளாகத்துக்குள் இல்லை. குன்றிலும், கரையிலும், வீதிக்குள்ளும், ஊரின் தெற்கிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் விழுகிறது. கரையோரத்தில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு சேர்ந்துகொள்ளும்.

விளைவு என்ன? பரம்பரை வீட்டை இடித்துக் கட்ட முடியாது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழுப்ப முடியாது. விற்கப் போனால் வாங்குபவர் தயங்குவார்.

அப்படியானால் சட்டமே தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. ஆழ்துளைக் கிணறு, பைல் அடித்தளம், கனரக வாகனம் ஆகியவற்றின் அதிர்வு பழைய கல்லுக்கு ஆகாது. சின்னத்தை மறைத்து நான்கு மாடி லாட்ஜ் வந்தால், பார்க்க வருகிறவர் எதற்கு வருவார்? இந்தத் தடை இல்லாமல் இருந்திருந்தால் குன்றின் அடியில் இன்று என்ன நின்றிருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை.

உண்மையான கேள்வி வேறு. எல்லாச் சின்னத்துக்கும் ஒரே 100 மீட்டர் என்பது பொருந்துமா என்பதுதான் அது. ஒவ்வொரு சின்னத்தின் தன்மைக்கும் ஏற்ப தனித்தனி விதிமுறை வகுக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படி ஒரு விதிமுறை தெளிவாக வந்தால், எவ்வளவு உயரம், என்ன பொருளில், எங்கே கட்டலாம் என்பதாவது வீட்டுக்காரருக்குத் தெரியும். ஊரும் காப்பாற்றப்படும், குடியிருப்பவரும் ஓட வேண்டியதில்லை.

ஓடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி ஐரோப்பா வரை போகலாம். பிரான்ஸின் கடல் நடுவே பாறை மேல் நிற்கும் மோன் சென் மிஷேல் தீவுக்கு வருஷத்துக்குப் பல லட்சம் பேர் வருகிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்களோ சில பத்துப் பேர்தான். கூட்டத்தைச் சமாளிக்க முடியாத வெனிஸ், 2024-ல் பகல் நேரப் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணமே போட்டுவிட்டது. ஆட்கள் போன பிறகு ஊர் மியூசியம் ஆகிவிடுகிறது.

கடலில் இறங்கலாமா?

கரையில் நின்று காலை நனைக்கலாம். உள்ளே இறங்கிக் குளிப்பது ஆபத்து. இந்தக் கரையில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. நீச்சல் தெரிந்தவரும் விதிவிலக்கல்ல.

காரணம், கரைக்கு வந்த அலைநீர் கடலுக்குத் திரும்பும்போது உண்டாகும் இழுவை நீரோட்டம். பாறை அணைகள், மணல் திட்டுகள் இருக்கும் இடங்களில் அது குறுகிய ஒரு பாதையில் வேகமாக ஓடும். சுற்றிலும் அலை உடையும்போது, ஓரிடத்தில் மட்டும் அலை அடங்கி அமைதியாகத் தெரிந்தால் அதுதான் மோசமான இடம். 'இங்கே அலை கம்மியா இருக்கு, இறங்கலாம்' என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை குறைந்த பிறகு கரைக்குத் திரும்பணும். கரையில் இருப்பவர்கள் பின்னால் குதிக்காமல், கயிறு, காலி கேன், டியூப் என மிதக்கும் எதையாவது வீசிவிட்டு, பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

போகிறவர் செய்யக்கூடியது என்ன?

பௌர்ணமி வந்தால் வேங்கிக்காலில் என்ன நடக்கும் என்று வேங்கிக்கால்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனங்கள், ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம், வீட்டு வாசலில் யாரோ நிறுத்திய கார், மறுநாள் காலை தெருவெல்லாம் பிளாஸ்டிக் கப். வருகிற கூட்டத்தால் பிழைப்பும் உண்டு, அதே கூட்டத்தால் அவஸ்தையும் உண்டு. மாமல்லபுரத்துக்கும் இதே நிலைதான். அதனால் அங்கே போகும்போது, வேங்கிக்காலுக்கு வருகிறவர் எப்படி நடந்துகொண்டால் பிடிக்குமோ அப்படி நடந்துகொண்டால் போதும்.

முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள். காலை வந்து மாலை போகிறவர் ஊரில் விடும் பணம் குறைவு, தங்குகிறவர் சாப்பாடு, ஆட்டோ, கடை என்று பலருக்கும் கொடுக்கிறார். சனி, ஞாயிறு தவிர்த்து வார நாளில் போனால் குகைக்குள் தனியாக நிற்கும் பாக்கியம் கிடைக்கும். சிற்பங்களின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். தொட்டுத் தொட்டே மழுங்கிய சிற்பங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கு. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள், கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்.

சுருக்கமாக

தூரம்: வேங்கிக்காலில் இருந்து சுமார் 160 கி.மீ. காரில் மூன்றரை மணி நேரம் வரை. பஸ்ஸில் மாறிப் போனால் கூடுதலாக ஆகும்.

நேரம்: சின்னங்கள் காலை 6 முதல் மாலை 6 வரை. கலங்கரை விளக்கத்துக்குத் தனி நேரம், தனிக் கட்டணம்.

டிக்கெட்: இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆன்லைனில் எடுத்தால் கியூவில் நிற்க வேண்டாம். டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள், அடுத்த வளாகத்திலும் கேட்பார்கள்.

எப்போது: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை இதமான காலம். டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழாவும் நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் 10 மணிக்குள் குன்றை முடித்துவிடுங்கள். பாறை கொதிக்கும்.

திட்டம்: காலை குன்று, மதியம் சாப்பாடும் ஓய்வும், 3 மணிக்கு மேல் ஐந்து ரதங்கள், கடைசியில் கடற்கரைக் கோயில். தங்கினால் மறுநாள் விடியலில் கடற்கரை. இது கிழக்குக் கரை, சூரியன் கடலில் இருந்து உதிக்கும். மறைவதைப் பார்க்க விரும்பினால் வாசல் மூடும் முன் குன்றின் மேல் நின்று மேற்கே பார்க்கணும்.

எடுத்துப் போக: தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு. குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும்.